அக்காவின் புளிப் பணம்

அக்கா என்னை நம்பிக் கொடுத்த பணத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை நான் தொலைத்தேன். தொலைத்ததை மறைத்தேன். அதோடும் நிற்கவில்லை. பணம் பெருகிவிட்டது என்று பொய் சொல்லி, கடன் வாங்கிக் கூடுதலாகவே அவள் கையில் கொடுத்தேன். முதலாவதைச் சந்தையின் தலையில் போட்டுவிடலாம். மற்ற இரண்டும் நான் தெரிந்தே செய்தவை. ஜவ்வாது மலையில் என் பேச்சைக் கேட்டுப் பங்குச் சந்தைப் பக்கம் வந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நான் ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊரில் பிறந்தவன். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசல் மிதித்தவனும் நான்தான். இப்போது ஆசிரியராக இருக்கிறேன். நான் படித்ததற்குக் காரணம் அக்கா படிக்காமல் வீட்டில் நின்றது. இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அவளிடம் கொஞ்சம் சாமைக் கொல்லை இருக்கிறது. நாலைந்து புளியமரம், இரண்டு பலா. மாசியில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கீழேயிருந்து வரும் வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொள்வார். போளூரிலும் திருப்பத்தூரிலும் அதே புளி என்ன விலைக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். சுமந்து கொண்டுபோய் விற்க வழியில்லாததால் கொடுத்த விலைக்கு விட்டுவிடுவாள். அப்படி வந்த காசையும், மகளிர் குழுவில் சேர்த்ததையும், ஆடு விற்றதையும் பல வருஷமாகக் கட்டிக் காத்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆக்கியிருந்தாள். 2021 கடைசியில் அதை என்னிடம் கொடுத்தாள்.

“பாப்பா பன்னண்டாவது முடிச்சதும் நர்ஸிங்ல சேக்கணும் தம்பி. அதுவரைக்கும் நீயே பாத்து எங்கயாவது போட்டு வை.”

பாப்பா அப்போது பதினொன்றாம் வகுப்பு. 2023 கோடையில் பணம் வேண்டும். அவள் சொன்ன இரண்டு வாக்கியத்திலேயே எனக்குத் தேவையான எல்லாத் தகவலும் இருந்தது. நான் அதைக் காதில் வாங்கினேன், கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாளில் என் தலை முழுக்கத் தொழில்நுட்பத் துறை இடிஎஃப்கள்தான். ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி வைத்து, தானும் பங்கைப் போலவே சந்தையில் கைமாறும் ஃபண்டுக்கு இடிஎஃப் என்று பெயர். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் விழுந்த நிஃப்டி ஐடி குறியீடு, 2021 முடிவதற்குள் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஊரடங்கில் எங்கள் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கு சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறியதைப் பார்த்தவன் நான். இனி உலகம் முழுக்க எதைத் தொட்டாலும் இந்தத் துறைக்குத்தான் காசு போகும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. சிறுவனாக இருந்தபோது பள்ளியிலிருந்து காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப் போனார்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய அந்தத் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. அதற்கு உழைத்த வானியலாளர் வைணு பாப்பு 1982-இலேயே இறந்துவிட்டார். அந்தக் கூண்டுக்குக் கீழே நின்ற நாள் முதல் அறிவியல், தொழில்நுட்பம் என்றால் எனக்கு ஒரு பக்தி. பக்தி இருக்கிற இடத்தில் காசை வைக்கும்போது எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். அதில் எழுதியவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒப்பீடு பிழையாக இருந்திருந்தால், பிழை கணக்கில்தான் என்று என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

முதல் பக்கத்தில் இந்திய ஃபண்டுகள். நிப்பான், ஐசிஐசிஐ புருடென்ஷியல், எஸ்பிஐ, கோட்டக் எனப் பல நிறுவனங்கள் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் ஐடி இடிஎஃப் கொண்டுவந்தன. செலவு விகிதம், குறியீட்டை விட்டு ஃபண்ட் விலகும் அளவான டிராக்கிங் எரர், கையாளும் சொத்து, தினமும் கைமாறும் யூனிட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். செலவு விகிதம் ஏறக்குறைய 0.2 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. புள்ளிக்குப் பிறகு இரண்டாவது இலக்கத்தில் இருந்த வித்தியாசத்துக்காக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு அந்த வித்தியாசம் வருஷத்துக்குச் சில பத்து ரூபாய். அதைவிடப் பெரிய உண்மை அதே பக்கத்தில் இருந்தது. அத்தனை ஃபண்டுகளும் பின்தொடர்வது ஒரே குறியீட்டை. அதில் இருப்பவை பத்தே கம்பெனிகள். இன்ஃபோசிஸும் டிசிஎஸ்ஸும் மட்டுமே கிட்டத்தட்டப் பாதி எடை. பெயர் எதுவானாலும் வாங்குவது அதே பத்து கம்பெனியைத்தான். அந்தப் பத்துக்கும் வருமானம் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வங்கிகளும் கடைத்தொடர்களும் கொடுக்கிற வேலையிலிருந்து வருகிறது. அங்கே ஒருவர் செலவைக் குறைத்தால் இங்கே பத்தும் சேர்ந்தே படுக்கும்.

அடுத்த பக்கங்களில் அமெரிக்கா. நான் வாங்கவே போகாத ஃபண்டுகளையும் ஒப்பிட்டேன். ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் எக்ஸ்எல்கே 1998-இல் வந்தது, எஸ்&பி 500-க்குள் இருக்கிற தொழில்நுட்பக் கம்பெனிகளை மட்டும் எடுப்பது. வான்கார்டின் விஜிடி 2004-இல் வந்தது, சிறிய கம்பெனிகள் வரை இறங்கி முந்நூறுக்கு மேல் வைத்திருப்பது. இரண்டிலும் அமேசான் கிடையாது, கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட் கிடையாது, ஃபேஸ்புக்கின் மெட்டாவும் கிடையாது. அமேசானைச் சில்லறை வணிகப் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். 2018 செப்டம்பரில் துறைகளைத் திருத்தி அமைத்தபோது மற்ற இரண்டையும் தகவல்தொடர்புத் துறைக்குத் தள்ளிவிட்டார்கள். மூன்றும் வேண்டுமென்றால் நாஸ்டாக் 100-ஐப் பின்தொடரும் ஃபண்டுக்குப் போக வேண்டும். ஆனால் அது தொழில்நுட்பக் குறியீடே அல்ல. நாஸ்டாக் சந்தையில் பட்டியலான, நிதித்துறை தவிர்த்த பெரிய கம்பெனிகள் நூறு. குளிர்பான பெப்சிகோ கூட அதில் இருந்தது.

எடைக் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பது பின்னால் 2024-இல்தான் எனக்கு விளங்கியது. என்விடியா ஆப்பிளுக்கு இணையாக வளர்ந்து நின்றபோதும் எக்ஸ்எல்கேயில் அதன் எடை ஏறக்குறைய 6 சதவீதம்தான். ஒரே ஃபண்டில் பெரிய கம்பெனிகள் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்ற விதி அதை அழுத்தி வைத்திருந்தது. ஜூன் மாத மறுசீரமைப்பில் அது 20 சதவீதத்தை ஒட்டி ஏறியது, ஆப்பிள் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஒரே துறை என்று பெயர் போட்ட இரண்டு ஃபண்டுகள் ஏன் வெவ்வேறு விதமாக ஓடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. இந்த விஷயங்களில் எனக்கு இன்றும் ஆசை போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரலாறு எழுதியிருந்தேன். 2000 மார்ச் 10-ஆம் தேதி நாஸ்டாக் காம்போசிட் 5,048-இல் முடிந்தது. 2002 அக்டோபருக்குள் 78 சதவீதம் விழுந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2015 வரை ஆனது. அதற்குக் கீழே சிவப்பு மையில், ‘பொறுத்தவர் ஜெயித்தார்’ என்று எழுதி வைத்தேன். பதினைந்து வருஷம் என்ற எண்ணை என் கையாலேயே எழுதினேன். அக்கா சொன்ன கெடு ஒன்றரை வருஷம். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நோட்டில் ஃபண்டுகளுக்கு அத்தனை கட்டம் இருந்தது. பணம் யாருடையது, எந்த மாதம் வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை.

தோன்றவில்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. தோன்றியது. அப்போது அஞ்சலக டெபாசிட்டுக்கு வட்டி 5.5 சதவீதம். அதை நினைத்தபோதே, ‘இவ்வளவு படித்துவிட்டு நானும் போஸ்ட் ஆபீஸில் போடுவதா’ என்று ஒரு கூச்சம் வந்தது. என்னோடு படித்தவர்களில் சிலர் சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கிறார்கள். மலைக்கு வரும்போது புதுக் காரில் வருகிறார்கள். அவர்கள் துறையின் லாபத்தில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று இருந்தது. என் சம்பளத்தில் அதற்குத் தோதான தொகை இல்லை. அக்காவின் பணம் இருந்தது. இந்த வயிற்றெரிச்சலைத்தான் நான் நீண்டகால முதலீடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

2022 ஜனவரி முதல் வாரத்தில் முழுத் தொகையையும் ஒரே மூச்சில் ஒரு ஐடி இடிஎஃப்பில் போட்டேன். எந்த ஃபண்ட் என்பது முக்கியமில்லை. அதன் மேல் எந்தக் குறையும் இல்லை. குறியீடு போன இடத்துக்கே அதுவும் போனது. அந்த வாரத்தையொட்டித்தான் குறியீடு 39,000-ஐத் தாண்டி உச்சத்தில் இருந்தது. மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. டிசம்பருக்குள் பூஜ்ஜியத்துக்கு அருகிலிருந்து நாலரை சதவீதத்தை எட்டிவிட்டது. எதிர்கால வருமானத்தை நம்பி விலை வைத்திருந்த பங்குகளுக்கெல்லாம் அது வெட்டு. அந்த ஒரே வருஷத்தில் நிஃப்டி ஐடி கால்வாசி இழந்தது. 2023 ஏப்ரல் 17-ஆம் தேதி, காலாண்டு முடிவுகள் ஏமாற்றியதால் இன்ஃபோசிஸ் பங்கு ஒரே நாளில் 9 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பள்ளிக்கூட இடைவேளையில் சிக்னல் கிடைக்கிற சுவரோரம் நின்று அதைப் பார்த்தேன். பாப்பா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடித்து வீட்டில் இருந்தாள்.

இடையில் அக்கா கேட்டாள். “பணம் எப்டி தம்பி கீது?” நான் “நல்லா கீதுக்கா” என்றேன். முதல் தடவை சொன்னபோது ஏறிவிடும் என்று உண்மையிலேயே நம்பினேன். பிறகு கேட்டபோதெல்லாம் நம்பாமலே அதைச் சொன்னேன்.

ஜூனில் விற்றேன். ஒரு லட்சத்து ஐந்தாயிரத்தை ஒட்டி வந்தது. அன்றாவது நேரே போய், “அக்கா, நான் போட்ட இடம் தப்பு, இவ்வளவுதான் இருக்கு, மீதியை நான் கட்டுறேன்” என்று சொல்லியிருக்கலாம். அவள் திட்டியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். நான் ஆசிரியர் சங்கத்தில் கடன் போட்டேன். ஒரு லட்சத்து அறுபதாயிரமாகக் கொண்டுபோய்க் கொடுத்து, “இருபதாயிரம் கூடியிருக்கு அக்கா” என்றேன். குறையை நிரப்பியது கடமை என்றே வைத்துக்கொள்வோம். மேலே வைத்த இருபதாயிரம் எதற்கு? அக்காவின் கண்ணில் நான் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் மதிப்பை நான் காசு கொடுத்து வாங்கினேன். அந்தக் கடன் தவணை என் வீட்டுச் செலவில் விழுந்தது. மனைவியிடம் வேறு காரணம் சொன்னேன்.

பாப்பா சேர்ந்துவிட்டாள். ஆனால் பொய் என் கையில் நிற்கவில்லை. அக்கா பெருமையாக நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். தம்பி போட்ட பணம் ஒன்றரை வருஷத்தில் இருபதாயிரம் கூடியது என்று குழுக் கூட்டத்தில் பேச்சு. சித்தி முறை வேண்டிய ஒருவர் தேன் விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். இப்போது நேரம் சரியில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் தனக்கு மட்டும் செய்ய மறுக்கிறேன் என்று வருத்தப்பட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்காது. அதையும் விட்டேன்.

என் பள்ளியிலேயே வேலை செய்யும் ஒரு நண்பரை மட்டும் திருப்பி அனுப்ப முடியவில்லை. என் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். இந்திய ஐடி படுத்துவிட்டது, அமெரிக்கத் தொழில்நுட்பத்துக்குப் போகலாம் என்றார். நானும் தலையாட்டினேன். நம் சந்தையிலேயே ரூபாயில் வாங்கக்கூடிய, அமெரிக்கப் பங்குகளைப் பின்தொடரும் ஒரு இடிஎஃப்பைக் காட்டினேன். அதில் ஒரு கண்ணி இருந்தது. அதை நான் படித்திருந்தேன், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை.

சாதாரணமாக ஒரு இடிஎஃப்பின் சந்தை விலை அதன் உள்மதிப்பை விட்டு அதிகம் விலகாது. விலை ஏறினால், சந்தை உருவாக்குநர் என்று நியமிக்கப்பட்டவர்கள் ஃபண்ட் நிறுவனத்திடம் பணமோ பங்குகளோ கொடுத்துப் புது யூனிட் வாங்கிச் சந்தையில் விற்பார்கள். விலை இறங்கிவிடும். ஆனால் இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலர்தான் போடலாம், வெளிநாட்டு இடிஎஃப்களில் தனியாக 100 கோடி டாலர்தான் என்று உச்சவரம்பு இருக்கிறது. 2022 பிப்ரவரியில் முதல் வரம்பை நெருங்கியதும் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தினார்கள். அப்படிக் கதவு அடைபட்டால் புது யூனிட் பிறக்காது. இருக்கிற யூனிட்டுக்காக வாங்குபவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட, விலை உள்மதிப்பைவிடச் சில சமயம் 10 சதவீதத்துக்கும் மேலே போய் நிற்கும். விலைக்குப் பக்கத்திலேயே அந்தந்த நேரத்து உள்மதிப்பைக் காட்டுகிற ஐ-என்ஏவி என்ற எண் இருக்கும். ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். புள்ளிக்குப் பிறகு இரண்டாவது இலக்கத்துக்கு ராத்திரி கண்விழித்த நான், முன்னால் இருந்த பத்தைப் பார்க்கவில்லை. நண்பர் நூறு ரூபாய்ச் சரக்கை நூற்றுப் பத்துக்கு மேல் கொடுத்து வாங்கினார், என் நோட்டை நம்பி.

அமெரிக்கப் பங்குகள் ஏறியபோதும் தன் யூனிட் அந்த அளவுக்கு ஏறவில்லையே என்று ஒருநாள் அவர் கேட்டார். மேலதிக விலை கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நானும் உட்கார்ந்து படித்தேன். அவரிடம் காரணத்தை விளக்கினேன், மிக நன்றாகவே விளக்கினேன். வாங்கும்போது இதை நான் பார்க்கவில்லை என்ற வாக்கியம் மட்டும் அந்த விளக்கத்தில் இல்லை.

2024 டிசம்பரில் நிஃப்டி ஐடி 45,000-ஐத் தாண்டிப் புது உச்சம் தொட்டது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அக்காவின் பணம் இருந்திருந்தால் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நான் பொய்யாகச் சொன்ன அதே எண். நான் தேர்ந்தெடுத்தது சரிதான், காலம்தான் போதவில்லை என்று மனசு வாதாடியது. அந்த வாதம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதால்தான் எனக்குப் பயம் வந்தது. காலம் போதாது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். பாப்பாவின் கல்லூரி டிசம்பர் 2024 வரை சீட்டைப் பிடித்து வைத்திருக்குமா? 2025-இல் அதே குறியீடு மறுபடி சரிந்தது. என் கெட்டிக்காரத்தனம் எந்தத் தேதியில் எடை போடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் புளி உலுக்கும் சமயத்தில் அக்கா அடுத்த தொகையை எடுத்துக்கொண்டு வந்தாள். வாங்கிக்கொள்ள என் கை நீளவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடன், இருபதாயிரம், நண்பர், திண்ணையில் வந்து உட்கார்ந்த சித்தி எல்லாம். அவள் புளிக்கொட்டை எடுப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“தபாலாபீஸ்ல போட்டிருந்தா எவ்ளோ வந்திருக்கும்?”

“ஒன்றரை லட்சத்தை ஒட்டி வந்திருக்கும்.”

“அது போதுமாத்தான இருந்திச்சி.”

போதுமாகத்தான் இருந்தது. முதலாண்டுக் கட்டணம், விடுதி, சீருடை எல்லாம் சேர்த்து அவள் போட்டிருந்த கணக்கு அதுதான். தேவை எவ்வளவு என்று அவளுக்கு ரூபாய் வரை தெரிந்திருக்கிறது. நான் அவளிடம் கேட்டிருக்கலாம்.

நண்பரிடமும் சொல்லிவிட்டேன். அவர் என்னோடு பேசுகிறார், பணத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. என் சம்பளத்தில் சிறு தொகையை இப்போதும் ஒரு இடிஎஃப்பில் மாதாமாதம் போடுகிறேன். ஓய்வு பெறுகிற வயதுவரை தொடத் தேவையில்லாத பணம் அது. சங்கக் கடன் இன்னும் முடியவில்லை. நான் கூடுதலாகக் கொடுத்த இருபதாயிரத்தை அக்கா, நான் உண்மையைச் சொன்ன அடுத்த வாரமே திருப்பிக் கொண்டுவந்தாள். வாங்க மாட்டேன் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லாததால் வாங்கிக்கொண்டேன். அந்த வருஷத்துப் புளிப் பணத்தைத் தன் பேரில் ஜமுனாமரத்தூரில் அவளே கணக்குத் தொடங்கிப் போட்டுக்கொண்டாள்.

பாப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. மாமா போட்ட பணத்தில்தான் சீட் கிடைத்தது என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அவள் படிப்பு முடிவதற்குள் நானே அவளிடம் சொல்ல வேண்டும் என்று அக்கா கெடு வைத்திருக்கிறாள். இந்தக் கெடு எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்திருக்கிறது. வரும் விடுமுறைக்கு அவள் மலைக்கு வருகிறாள்.